ரெண்டு பிடி குறைந்த கிலோ

மண்ணச்சநல்லூர் மயிலம்மாளைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், என்னிடம் பதில் இருக்கிறது. அவரிடம் தோற்றவன் நான். ஜெயித்தவர்களைப் பற்றிச் சொந்தக்காரர்கள் எழுதினால் புகழ்ச்சி மட்டும்தான் இருக்கும். தோற்றவன் எழுதினால் உண்மையும் கொஞ்சம் இருக்கும், வயிற்றெரிச்சலும் கொஞ்சம் இருக்கும். இரண்டையும் நான் மறைக்கப் போவதில்லை.

மயிலம்மாள் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினெட்டு வயதில் வெள்ளைச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு அவருடைய அரிசி மில்லுக்கு வந்தார். வெள்ளைச்சாமி நல்ல மனுஷர். சிரிப்பார், சாப்பிடுவார், வருகிறவர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுப்பார். மில்லை நடத்தியது மயிலம்மாள்தான். களத்தில் காய்கிற நெல்லில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு வெயில் கிடக்கட்டும்" என்பார். மாதிரி அரிசிப் பொட்டலத்தைக் கையில் வாங்கினதும் எடை சொல்லிவிடுவார். காந்தி மார்க்கெட் வியாபாரிகள் தராசு கொண்டுவந்து வாதாடிப் பார்த்தும், தராசுதான் ஒவ்வொரு தடவையும் தோற்றது என்று கேள்வி. நான் அப்போது அதை நம்பவில்லை.

என்னைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். என் பெயர் ரெங்கராஜ். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. ஒரு இன்ஷ்யூரன்ஸ் ஆபீசில் ஹெட் கிளார்க். படித்தது பி.ஏ. கணிதம். எறும்பைக்கூட ஒதுங்கி நடந்து காப்பாற்றுகிற ஜாதி நான், ஆனால் ஐம்பத்தைந்தாம் வருஷம் முதல் திருச்சியில் ஒரு ரைபிள் கிளப்புக்குச் செகரட்டரி. காகித இலக்கைத் தவிர நான் எதையும் சுட்டதில்லை. என் ஆத்துக்காரி மட்டும், "காகிதத்தைச் சுடறதுக்கு ஞாயித்துக்கிழமை அவ்வளவு தூரம் போகணுமா? ஆத்துலேயே அடுப்பு எரியறதே" என்பாள்.

அறுபத்திரண்டு கடைசியில் சீனச் சண்டை வந்தது. ஊர் முழுக்க ஒரு வேகம். எங்கள் கிளப்பும் பொதுஜனங்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி என்று நோட்டீஸ் போட்டது. பயிற்சிக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுக்கென்று ரெண்டு மூட்டை அரிசியோடு வெள்ளைச்சாமியின் வேன் வந்து நின்றது. இறங்கியவர் மயிலம்மாள். மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"பொம்பளைங்களுக்கும் இந்தப் பயிற்சி உண்டுங்களா?"

நான் விதிப் புத்தகத்தை எடுத்து, இல்லை என்று சொல்ல ஒரு வரி கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. அதை எழுதினவர்களுக்கு இப்படி ஒருத்தர் வந்து கேட்பார் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. பேரை எழுதிக்கொண்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். எங்கள் சுடுதளம் ஊருக்குத் தெற்கே, கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன ஒரு பள்ளத்தில். மூன்று பக்கமும் பாறை. ஓரத்தில் எங்கள் சாமான் கொட்டகை, ஒரு வேப்ப மரம். அதன் அடியில் வெள்ளைச்சாமி பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். மயிலம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒற்றைக் கையால் பிஸ்டலை நீட்டிச் சுடுவார். மற்றவர்கள் முதல் நாள் சத்தத்துக்குக் கண்ணை மூடுவார்கள். இவர் மூடவில்லை. மில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபது வருஷம் நின்ற காது அது. ஆறே மாதத்தில் கிளப்பில் என் ஒருவனைத் தவிர எல்லாரையும் தாண்டிவிட்டார். என்னையும் தாண்டப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்வதற்கென்ன, ராத்தூக்கம் கெட்டது.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு எதிரி இருந்தது. கிளப்பில் ஆறு வருஷத்துக்கு முன் வாங்கின பாயிண்ட் டூ டூ ரகப் பிஸ்டல் இரண்டு. ஒரே தொழிற்சாலை, அடுத்தடுத்த நம்பர். ஒன்றாம் நம்பர் எனக்கு, இரண்டாம் நம்பர் அவருக்கு. இரண்டின் விசையும் மழைக்காலத்துக் கதவு மாதிரி. இழுக்க இழுக்க வரும், பாதியில் ஒரு இடத்தில் சிக்கும், சரி இன்னும் கொஞ்சம் என்று அழுத்தினால் நினைக்காத நேரத்தில் விட்டுவிடும். அதற்குள் கை ஆடியிருக்கும். குண்டு இடது பக்கம் கீழே போய் உட்காரும். ஆறு வருஷமாக என் குண்டு எங்கே போனாலும் நான் சொல்கிற ஒரே பதில், "ட்ரிக்கர் சரியில்லை."

அறுபத்து மூன்றில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. மாகாணப் போட்டிக்கு ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் ஒரே ஒரு ஆள். மாசி மாதம் கிளப்புப் போட்டி, அதில் முதலில் வருகிறவர் மெட்ராஸ் போகலாம். நடுவரை அவர்களே அனுப்புவார்கள். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தது அதற்குத்தான். ஒரு தடவையாவது அந்தப் பெரிய சுடுதளத்தில், மார்பில் நம்பர் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு நாற்பத்தாறு வயது. இனி கண் கூர்மையாகப் போவதில்லை.

கடிதத்தோடு புது விதியும் வந்திருந்தது. விசையைச் சீர்செய்து இலேசாக்கிக்கொள்ளலாம், ஆனால் ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது. அதற்கு ஒரு பரீட்சை. காலித் துப்பாக்கியைக் குழாய் வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்து, விசையில் கொக்கி மாட்டி, அதில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டு, மேஜையிலிருந்து மெல்லத் தூக்க வேண்டும். எடை முழுக்க மேலே வந்த பிறகும் விசை விடாமல் நின்றால் பாஸ். 'டிக்' என்று விட்டுவிட்டால் அந்தத் துப்பாக்கி போட்டிக்கு ஆகாது.

அது எடைக்கல் எல்லாம் மாறிக்கொண்டிருந்த சமயம். ராத்தல் போய்க் கிலோ வந்திருந்தது. ஜனங்களுக்கு வாயில் ராத்தல்தான். கிளப்புக்கு ஒரு கிலோ எடை வேண்டுமே என்று நான் எங்கள் தெருமுனைக் காபிப்பொடிக் கடையில் கேட்டேன். கடைக்காரர் மூலையில் கிடந்த பழைய ரெண்டு ராத்தல் கல்லை எடுத்து நீட்டி, "ரெண்டு ராத்தலும் ஒரு கிலோவும் ஒண்ணுதாங்க, எல்லாரும் அப்படித்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். சும்மாவே கொடுத்தார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், துடைத்து, பழைய முத்திரையின் மேல் கோந்து தடவி, '1 கிலோ' என்று அழகான கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன். பி.ஏ. கணிதம் என்று முன்பே சொன்னேன் அல்லவா?

விசையைச் சீர்செய்ய ஹபீபுல்லாவிடம் போனோம். பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருக்குத் துப்பாக்கி ரிப்பேர் கடை, லைசென்ஸோடு. பன்றி விரட்டுகிற துப்பாக்கிகளைத்தான் அதுவரை பார்த்திருக்கிறார். என் கோரிக்கையைக் கேட்டதும் சிரித்தார்.

"நாட்டுல எல்லாரும் ட்ரிக்கரை இறுக்கித் தரச் சொல்லி வருவாங்க சார். லேசாக்கித் தரச் சொல்லி வந்தது நீங்கதான். சரி, நீங்க சுடுறது காகிதத்தை. காகிதம் திரும்பிப் பாயாது."

உள்ளே இரண்டு சின்ன எஃகுப் பற்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கின்றன, அவை உரசுகிற இடம் சொரசொரப்பாக இருப்பதுதான் சிக்கலுக்குக் காரணம் என்று காட்டினார். ஒரு வாரம் வைத்துக்கொண்டார். எண்ணெய்க்கல்லில் இழைத்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, மறுபடி இழைத்து, ஸ்பிரிங்கை மாற்றி, என்னுடைய ஒன்றாம் நம்பரை முதலில் முடித்தார். என் கல்லைத் தொங்கவிட்டுத் தூக்கினோம். நின்றது. கூடவே ஹபீபுல்லா தன் சாவிக்கொத்தை மாட்டினார். 'டிக்'. எல்லைக்கோட்டில் நிறுத்தியிருந்தார் மனுஷர். வெறும் கையால் இழுத்துப் பார்த்தேன். சிக்கல் இல்லை, தேய்ப்பு இல்லை. நினைத்த கணத்தில் விட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அடுத்தது மயிலம்மாளுடையது. அவர் அன்றைக்கு மார்க்கெட்டுக்கு மாதிரி அரிசி கொண்டுவந்த கையோடு கடைக்கு வந்திருந்தார். நான் நீட்டிய கல்லைக் கையில் வாங்கினார். ஒரு தடவை ஏந்திப் பார்த்தார். முகம் மாறியது.

"இது கிலோ இல்லைங்களே சார்."

"சீட்டு ஒட்டியிருக்கேன், பாருங்கோ."

"சீட்டு சரிதாங்க. கை இன்னும் கொஞ்சம் இறங்கணும். ரெண்டு பிடி அரிசி குறையுது."

"அம்மா, ரெண்டு ராத்தல் ஒரு கிலோ. ஊரே அப்படித்தான் வாங்கறது."

"ஊரு வாங்கட்டுங்க. நான் விக்கிறவ."

பையைத் திறந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சம்பா அரிசி. ரெண்டு பிடி எடுத்துத் தன் கைக்குட்டையில் முடிந்து, முடிச்சைக் கல்லோடு சேர்த்துக் கட்டினார். கொசுறு போடுகிற மாதிரி சர்வ சாதாரணமாகச் செய்தார். "இதை மாட்டி, இதுக்கு நிக்கிற மாதிரி வெச்சுக் குடுங்க பாய்" என்றார்.

ஹபீபுல்லா என்னைப் பார்த்தார். "செகரட்டரி சார் என்ன சொல்றீங்க?"

"அவா துப்பாக்கி, அவா இஷ்டம். வேணும்னா ஒரு தேங்காயும் சேர்த்துக் கட்டுங்கோ" என்றேன்.

மயிலம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. "தேங்கா அதிகங்க. ரெண்டு பிடி போதும்" என்றார். பிறகு, "உங்களுதுக்கும் இதே மாதிரி வெச்சுக்கலாமே சார். அரிசி இருக்கு" என்றார்.

நான் வேண்டாம் என்றேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரெண்டு பிடி எடை கூடினால் என் விசை அவருடையதைப் போல ஆகிவிடும். குறைந்திருந்தால் எனக்கு அனுகூலம். கல் சரி என்று நான் நம்பினேன், சத்தியம். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்காமல் நம்பினதில் ஒரு சௌகரியம் இருந்தது.

ரெண்டு மாதம் பழகினோம். அறுபது குண்டுக்கு மொத்தம் அறுநூறு புள்ளி. அதில் ஐந்நூற்றுப் பத்தைத் தாண்டாத நான் ஐந்நூற்று இருபத்தைந்து எடுத்தேன். அவர் ஐந்நூற்று இருபத்து மூன்று, இருபத்து நான்கு எடுத்தார். ஆபீசில் மெட்ராஸுக்கு லீவுகூட எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போட்டி நாள் வந்தது. மெட்ராஸ் நடுவரின் பெயர் இருதயநாதன். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ரிட்டையர் ஆனவர். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, தோல் பெட்டியிலிருந்து ஒரு எடைக்கல்லை எடுத்து வைத்தார். பளபளவென்று, சர்க்கார் முத்திரையோடு. எங்கள் கல்லை விட அது கொஞ்சம் தடிமன்.

இரண்டாம் நம்பர் முதலில் போனது. கொக்கி மாட்டி மெல்லத் தூக்கினார். நின்றது. இறக்கினார், மறுபடி தூக்கினார். நின்றது. "பாஸ்."

ஒன்றாம் நம்பர். தூக்கினார். கல் மேஜையை விட்டு எழுந்ததோ இல்லையோ, 'டிக்'.

மூன்று வாய்ப்பு உண்டு. மூன்று தடவையும் 'டிக்'.

"யார் பண்ண வேலை இது?" என்றார் இருதயநாதன்.

வேப்ப மரத்தடியில் வெள்ளைச்சாமியோடு நின்றிருந்த ஹபீபுல்லா முன்னே வந்தார். முகம் செத்துப் போயிருந்தது. "நான்தாங்க" என்றார். கல்லைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செகரட்டரியை நாலு பேர் நடுவில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

எனக்கு அப்போது வந்தது போன்ற வெட்கம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. கொட்டகை அலமாரியைத் திறந்து கிளப்புக் கல்லைக் கொண்டுவந்து வெள்ளைத் துணியில் வைத்தேன். "வேலை சுத்தம் சார். எடைதான் தப்பு. சீட்டு ஒட்டினது நான்" என்றேன். இருதயநாதன் நகத்தால் சீட்டை உரித்தார். அடியில் ராத்தல் முத்திரை. இரண்டு கல்லையும் இரண்டு கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "தொண்ணூறு கிராம் குறையும்" என்றார்.

மயிலம்மாள், "ரெண்டு பிடி" என்றார் மெதுவாக.

சரிசெய்ய வழி இல்லை. ஸ்பிரிங்கும் எண்ணெய்க்கல்லும் கடையில். ஹபீபுல்லா போய் வருவதற்குள் போட்டி முடிந்துவிடும். இருதயநாதன் பட்டியலில் என் பெயருக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார். ஒன்பது வருஷக் காத்திருப்பு அந்தப் பேனா முனையில் நின்றது.

"ஐயா, ஒரு நிமிஷங்க" என்றார் மயிலம்மாள். "நான் முதல்ல சுடற பிரிவு. அவரு ரெண்டாவது பிரிவு. நான் சுட்டு முடிச்சிட்டு என்னோடதை அவருகிட்ட குடுத்தா விதியில இடமிருக்குங்களா?"

இருதயநாதன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நான் இவருக்காக அன்று புரட்டின மாதிரியேதான். கூடாது என்று அதிலும் எந்த வரியும் இல்லை.

நான் மயிலம்மாளைத் தனியே கூப்பிட்டு, "எதுக்கும்மா இது? நான் இல்லேன்னா மெட்ராஸ் உங்களுக்குத்தானே?" என்றேன்.

"நீங்க இல்லாம முதல்ல வந்தா, இருந்திருந்தா தோத்திருப்பேனோன்னு ஆயுசு பூரா ரோசனையா இருக்குங்க சார். எனக்கு மில்லு வேலை கிடக்கு" என்றார்.

அவர் சுட்டார். அறுபது குண்டு. ஐந்நூற்று முப்பத்தொன்று. வெள்ளைச்சாமி வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்தார், நடுவர் உட்பட.

பிறகு பிஸ்டல் என் கைக்கு வந்தது. பிடியில் அவர் கைச்சூடு இன்னும் இருந்தது. முதல் குண்டிலேயே தெரிந்தது, விசை என்னுடையதை விட ரெண்டு பிடி கனம், ஆனால் அதே வழவழப்பு. பழகக் கொஞ்ச நேரம் ஆகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பத்து, ஒன்பது, ஒன்பது, பத்து. வாழ்நாளில் அப்படிச் சுட்டதில்லை. பின்னால் நின்றவர்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ஐம்பத்தாறு குண்டு முடிந்தபோது நான் முந்திக்கொண்டிருந்தேன். எனக்கே தெரிந்தது.

ஐம்பத்தேழாவது குண்டை விடும்போது நான் எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, எந்த ஓட்டலில் காபி சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அது ஆறு.

கடைசி மூன்றும் ஒன்பது, பத்து, பத்து. இருதயநாதன் ரெண்டு தடவை கூட்டினார். ஐந்நூற்று முப்பது. ஒரே ஒரு புள்ளி.

மயிலம்மாள் என் இலக்குக் காகிதத்தை வாங்கி, வெளியே ஒதுங்கிக் கிடந்த அந்த ஒற்றை ஓட்டையை விரலால் தொட்டார்.

"எல்லாம் நல்லா விழுந்திருக்கு. இது மட்டும் எப்படிங்க சார்?"

"ட்ரிக்கர்..." என்று ஆரம்பித்தேன். ஆறு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது. அவர் மேஜையில் கிடந்த இரண்டாம் நம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். முதலில் சிரித்தது ஹபீபுல்லா. அப்புறம் எல்லாரும். கடைசியில் நானும்.

லீவு எழுதிக் கொடுத்தாயிற்றே என்று நானும் மெட்ராஸ் போனேன், அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு. எழுபது பேரில் மயிலம்மாள் பதினேழாவது. மார்பில் நம்பரோடு அவர் அந்தப் பெரிய சுடுதளத்தில் நின்றதைப் பார்த்தபோது, நான் நிற்கவில்லையே என்ற வருத்தம் இருந்தது. அவர் நிற்கிறாரே என்ற சந்தோஷம் அதை விட ஒரு பிடி அதிகமாக இருந்தது. வெள்ளைச்சாமி அங்கேயும் ஒரு மரத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

திரும்பி வந்ததும் ஹபீபுல்லா என் ஒன்றாம் நம்பரைச் சரிசெய்து கொடுத்தார். பழைய கல் இன்னும் கிளப்பு அலமாரியில்தான் இருக்கிறது, சீட்டு இல்லாமல். மயிலம்மாள் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இந்த ஐந்து வருஷத்தில் நான் அவரை மூன்று தடவை ஜெயித்திருக்கிறேன். அவர் என்னை ஜெயித்த கணக்கை அவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

ஒவ்வொரு சங்கராந்திக்கும் மண்ணச்சநல்லூரிலிருந்து எங்கள் ஆத்துக்கு ஒரு மூட்டை புது அரிசி வருகிறது. மூட்டையின் வாயில் ஒரு கைக்குட்டை முடிச்சு, அதற்குள் ரெண்டு பிடி. என் ஆத்துக்காரி அதைக் கொசுறு என்று நினைத்துக்கொண்டு, "எவ்வளவு நல்ல மனசு அந்த அம்மாவுக்கு" என்பாள். நல்ல மனசுதான் என்று நானும் சொல்லிவிட்டு, அந்த முடிச்சை மட்டும் நானே அவிழ்க்கிறேன்.